சஹனில் ஒரு பக்கம்

எங்கள் திருமலைராயன்பட்டினத்தைச் சுற்றி எங்கே போனாலும் வயலும் கடலும்தான். மலை என்ற பேச்சே கிடையாது. ஆனால் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால் போதும், இரண்டு மலை, நடுவில் சூரியன், மிச்ச இடமெல்லாம் காக்கை. டிராயிங் டீச்சர் சந்திரலேகாவுக்கு, அதாவது எனக்கு, கோபம் அதிகம் என்று பள்ளியில் பேச்சு. வராமல் என்ன செய்யும்?

போன திங்கட்கிழமை தாளாளர் நூர் அகமது கூப்பிட்டனுப்பினார்.

"சனிக்கிழமை பெத்தவங்கள்லாம் வர்றாங்க டீச்சர். படத்தைச் சுவத்துல மாட்டுங்க. சரியா அமையலேன்னா டிராயிங் பீரியடை அபாகஸுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

பீரியட் போனால் என் வேலையும் போகும்.

வரைவதற்கு முன் ரஃப் நோட்டில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போடுங்கள், எது முக்கியம், அதை எங்கே வைப்பது என்று அதில் முடிவு செய்யுங்கள் என்று ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் கட்டம் போட்டார்கள். கட்டத்துக்குள்ளும் இரண்டு மலை.

புதன்கிழமை திடீரென்று ஒரு யோசனை. கல்யாண வீட்டில் ஒரே பெரிய தட்டில் சோறு வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்த சஹன் இந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

"சஹன்ல கறி எங்க வைப்பாங்க?"

"நடுவுல மிஸ்!"

"ஏன்?"

"அதான் முக்கியம் மிஸ்!"

"படமும் அப்படித்தான். முக்கியமானதைப் பார்த்து வைக்கணும்."

புரிந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை படங்களை வாங்கிப் பார்த்தால் தலை சுற்றியது. நடுவில் படகு, சுற்றி நாலு பேர். நடுவில் தென்னை மரம், சுற்றி நாலு பேர். அகரன் கடலையே வட்டமாக வரைந்து நாலு பேரை உட்கார வைத்திருந்தான். தப்பு என்னுடையதுதான். யாரைத் திட்டுவது?

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பஹீமாவின் படம். மேலேயிருந்து பார்த்த சஹன். ஒரு பக்கம் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, எதிர்ப்பக்கம் வெறும் தாள்.

"ஏண்டி பாதியில விட்டுட்டே?" என்று எரிந்து விழுந்தேன்.

"விடல மிஸ். அது வாப்பா இடம். துபாய்ல இருக்காங்க. பெருநாளைக்கும் வரல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்து கட்டம். முதல் நான்கில் அந்த இடம் சின்னதாக இருந்தது. ஐந்தாவதில்தான் பாதித் தாளுக்கு வந்திருந்தது. நான் ஒரு மாதமாகக் கத்தியதை ஒரு பிள்ளையாவது செய்திருக்கிறாள்.

சனிக்கிழமை நூர் அகமது ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் நடுவில் இருப்பதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. பஹீமாவின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இதை முடிக்கவே இல்லையே டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற பஹீமாவின் அம்மா அமீர் நிஷா குனிந்து படத்தைப் பார்த்தார். அந்த வெறும் தாளில் மெதுவாக விரலை வைத்தார்.

"அவங்க வாப்பாவை இங்கதாங்க வச்சிருக்கா" என்றார்.

நூர் அகமது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் பதினெட்டு வருஷம் சவுதியில, ஜித்தாவுல இருந்தேன் டீச்சர்" என்றார். பிறகு, "அபாகஸை வேற நேரத்துல பார்த்துக்கலாம்."

அப்பாடா! நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் புதுத் தாள் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் இருபத்தாறு படத்திலும் ஒரு பக்கம் காலி. அகரனின் கடலில்கூட பாதியைக் காணோம்.

எனக்குக் கோபமே வரவில்லை. அடுத்த பீரியட் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம்.