இரண்டு விரல் இடைவெளி

கடையின் பின்வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் டெய்லரம்மா அந்த நாயை முதலில் பார்த்தாள். அவள் கண் அதன் முகத்துக்குப் போகவில்லை, நேராகக் கழுத்துக்குப் போனது. அது தொழில் புத்தி. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் தோள் எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று மனது தானாகவே அளந்துவிடும். பேசியவர் என்ன பேசினார் என்பது மறந்துபோகும், அவர் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது மறக்காது. நாயின் கழுத்தில் பச்சை நைலான் கயிறு ஒன்று இருந்தது. குட்டியாக இருந்தபோது யாரோ கட்டியிருக்கிறார்கள். அது கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவந்திருக்க வேண்டும், நுனி பிசிறு பிசிறாகத் தொங்கியது. நாய் வளர்ந்துவிட்டது, கயிறு வளரவில்லை. பாதிக் கயிறு ரோமத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை.

காலர் அளவெடுக்கும்போது டேப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுத்தான் அவள் அளப்பாள். மனிதன் மூச்சு விட வேண்டும், விழுங்க வேண்டும், வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த இரண்டு விரல். இந்தக் கயிற்றுக்குள் ஊசி கூடப் போகாது. நாய்க்கு ஆறேழு மாதம்தான் இருக்கும், இன்னும் வளர்கிற உடம்பு. இது வளர்ந்தே செத்துப்போகும் என்று தோன்றியதும் வாயிலிருந்த டீ உள்ளே இறங்கவில்லை. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். நாய் வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, முற்றத்து மூலையில் கிடந்த உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்தக் கயிற்றை வெட்டியே தீருவது என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வெட்டுகிற வேலைதானே, அதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

தெருவில் எல்லோரும் அவள் கணவனைத்தான் மாஸ்டர் என்பார்கள். உண்மையில் கத்தரி அவள் கையில், மெஷின் அவன் காலடியில். அவள் அளவெடுத்து வெட்டிப் போடுவாள், அவன் தைப்பான், அவனுடைய தங்கை பின்வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டனும் ஓர மடிப்பும் பார்ப்பாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். வெட்டாத சீருடைத் துணி மேஜையில் மலையாகக் குவிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து இவள் நாய்க்குப் பின்னால் போனால் மாஸ்டருக்குப் பொறுக்குமா?

"கடிச்சு வச்சா என்ன பண்ணுவே? உன் கை போச்சுன்னா கடை போச்சு" என்றான் அவன், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப கயிறை யாரு வெட்டுறது?"

"அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. போன் போடு."

போட்டாள். இரண்டு பேர் வலையும், முனையில் சுருக்குக் கண்ணி வைத்த நீளக் குச்சியுமாக வந்தார்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரக்காரர்கள். இரண்டு பக்கமும் மடக்கிக்கொண்டு போனார்கள். கண்ணி தலைக்கு மேலே வந்ததும் அந்த நாய் போட்ட சத்தம் நாயின் சத்தமாகவே இல்லை. அவர்கள் காலுக்கு நடுவே புகுந்து, கேட்டுக்கு அடியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. வேறு பக்கம் வேலை இருக்கிறது என்று அவர்களும் போய்விட்டார்கள். நாய் சில நாள் கண்ணில் படவே இல்லை. டெய்லரம்மா ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்தாள். மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டான்.

அது திரும்பி வந்தபோது இன்னும் மெலிந்திருந்தது, இன்னும் மிரண்டிருந்தது. கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டாள். சாப்பாட்டில் மயக்க மாத்திரை கலக்கலாம், ஆனால் மருந்து ஏறுவதற்குள் பயந்துபோய்ச் சாலைக்கு ஓடினால் வண்டியில்தான் விழும், யாராவது அதைப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொள்ள முடிந்தால் பார்க்கலாம் என்றார் அவர். பக்கத்தில் வைத்துப் பிடிக்க முடிந்தால் நான் ஏன் இவரிடம் வருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். ஆக, வேறு வழி கிடையாது. அதுவாகத் தன்னிடம் வர வேண்டும், வந்து கழுத்தைக் கொடுக்க வேண்டும். சொந்தப் பெண்ணே சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரிக்கொள்ள அத்தனை சுலபமாகக் கழுத்தைக் கொடுத்ததில்லை என்பது அவளுக்கு நினைவு வராமல் இல்லை.

டீ நேரத்தில் பின்வாசல் படியில் உட்கார ஆரம்பித்தாள். பாலில் ஊறவைத்த பிஸ்கட்டைத் தூரமாக வைத்துவிட்டு, நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாள் போகப்போகத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படியை நெருங்கியது. நாயும் நெருங்கியது. ஆனால் அவள் கையை நீட்டித் தட்டைத் தள்ளலாம் என்று குனிந்தால் போதும், ஏதோ கொதிக்கும் வெந்நீரை ஊற்றியதுபோல வீறிட்டுக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய்விடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. கையைப் பார்த்துத்தான் பயப்படுகிறதோ என்று இடது கையை நீட்டிப் பார்த்தாள். வளையல் சத்தமாக இருக்குமோ என்று வளையலைக் கழற்றினாள். சோப்பு வாசனையாக இருக்குமோ என்று சோப்பை மாற்றினாள். "நாய்க்காக என்னென்னத்தையோ கழட்டுறே, மாத்துறே, எனக்காக ஒரு நாள் கோவத்தைக் கழட்டி வச்சிருக்கியா?" என்றான் மாஸ்டர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படியும் தொட்டே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாய் நாத்தனாரிடம் போனது. அவளுக்கு நாயே ஆகாது. ஊசியில் நூல் கோத்தபடியே "சீ, போ அந்தப் பக்கம்" என்பாள். அவள் வாயிலிருந்து விழுகிற ரொட்டித் துணுக்கை அவள் காலடியிலேயே வந்து தின்றுவிட்டுப் போகும். ஒரு தரம் அவள் குனிந்து, கீழே உருண்ட பட்டனை அதன் மூக்குக்கு முன்னால் பொறுக்கினாள். நாய் தலையைக் கூடத் தூக்கவில்லை.

"நான் என்னடி பாவம் பண்ணேன் அதுக்கு?" என்றாள் டெய்லரம்மா. விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தாள், அப்படி வரவில்லை.

"நீங்க ரொம்பத் துரத்துறீங்க அண்ணி. அதான் அதுக்குப் பிடிக்கல" என்றாள் நாத்தனார், பெரிய விஷயம் தெரிந்தவள் மாதிரி. டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாலில் ஊறிய பிஸ்கட்டை விழுங்கவே நாய் இப்போது தலையை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியிருந்தது, விழுங்கியதும் இருமியது. நாத்தனாரிடம் கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொல்லலாம். கேட்டும் பார்த்தாள். "அய்யோ அண்ணி, ஆளை விடுங்க" என்று அவள் ஸ்டூலோடு நகர்ந்து உட்கார்ந்தாள்.

விஷயம் பிடிபட்டது கூட்டமான ஒரு காலையில். முன்பக்கம் பிள்ளைகளும் அம்மாக்களுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். டெய்லரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்ததால், ஒரு பாவாடைக்கு நீளம் எடுக்கச் சொல்லித் தன் டேப்பை நாத்தனாரிடம் கொடுத்திருந்தாள். அவள் அளந்து முடித்து, அண்ணியைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் டேப்பைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு டீயோடு பின்வாசலுக்குப் போனாள். வழக்கம்போல ரொட்டிக்காக வந்த நாய் அவளை ஒரு முறை பார்த்தது. அவ்வளவுதான். அந்தப் பழைய வீறிடல், தொட்டிக்குப் பின்னால் ஓட்டம்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே அண்ணி!" என்று நாத்தனார் வாசலிலேயே நின்று கத்தினாள்.

டெய்லரம்மா கத்தரியோடு வந்து பார்த்தாள். நாத்தனாரின் கழுத்தில் மஞ்சள் டேப் இரண்டு பக்கமும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. தன் கை தானாகத் தன் கழுத்துக்குப் போவதை உணர்ந்தாள். அங்கே டேப் இல்லை. அங்கே டேப் இல்லாமல் இருந்தது எத்தனை வருடத்துக்குப் பிறகோ. காலையில் எழுந்து முகம் கழுவினால் அடுத்தது டேப்தான். சாப்பிடும்போதும் கிடக்கும், சண்டை போடும்போதும் கிடக்கும். "டேப் இல்லாத உன் கழுத்தை நான் கல்யாணத்தன்னிக்குப் பாத்ததுதான்" என்று மாஸ்டர் கேலி செய்வான். வளையலைக் கழற்றினாள், சோப்பை மாற்றினாள், டேப் மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை. தன் தோல் தன் கண்ணில் படுமா? ஒவ்வொரு முறை குனியும்போதும் அதன் நுனி சரிந்து நாயின் முகத்துக்கு நேராகத் தொங்கியிருக்கிறது. கயிறோடு ஒருத்தி தன்மேல் கவிகிறாள் என்றுதான் அது இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஊரார் கழுத்தையெல்லாம் அளந்தவள் தன் கழுத்தில் கிடப்பதைப் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகத் தெம்பு வந்தது. இப்போது காரணம் தெரிந்துவிட்டதே.

பின்வாசலுக்கு உள்பக்கம் ஓர் ஆணி அடித்தாள். படிக்குப் போகும் முன் டேப் அதில் தொங்கியது. நாய் நம்பவில்லை, அவ்வளவு சீக்கிரம் ஏன் நம்ப வேண்டும்? கொஞ்ச நாள் டேப் இல்லாத அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தட்டுக்கு வந்தது. பிறகு அவள் குனிந்தபோது, உடம்பெல்லாம் நடுங்க, ஓடாமல் நின்றது. ஈர மூக்கு அவள் விரலில் பட்ட அன்றைக்கு அவள் உள்ளே வந்து, யாரிடமும் சொல்லாமல், ஐந்து சட்டைத் துணியை ஒரே மூச்சில் வெட்டினாள். அதற்கப்புறம் மடியில் சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், நூல் வெட்டுகிற கத்தரி. சும்மா திறந்து மூடுவாள், அந்தச் சத்தம் பழகட்டும் என்று. தாடைக்கு அடியில் சொறிந்துவிட்டபோது புண்ணின் வாடை முகத்தில் அடித்தது. இனிமேல் காத்திருக்க நேரமில்லை.

மறுநாள் காலை அவள் டேப்பை ஆணியில் மாட்டும்போதே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

அவன் துணியை மடித்து வைத்தான். "நான் என்ன பண்ணணும், சொல்லு."

"மெஷினை மட்டும் நிறுத்தாதீங்க. அந்தச் சத்தம் அதுக்குப் பழகிடுச்சு. நின்னா மிரண்டுடும்."

நாய் வந்தது. தட்டில் பாதியைக் கஷ்டப்பட்டு விழுங்கியது, மீதியை விட்டுவிட்டு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அவள் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே வந்து, காதுக்குக் கீழே கயிற்றைத் தொட்டாள். ரோமம் சிக்கு விழுந்து ஈரமாக இருந்தது. தோலை அமுக்கி, ஆள்காட்டி விரலின் நுனியைக் கயிற்றுக்கு அடியில் மெல்லச் செருகினாள். நாய் உறுமியது. "ஒண்ணுமில்லடா, அளவு எடுக்கறேன், அவ்வளவுதான்" என்றாள். வாடிக்கைக்காரர் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரல் வந்தது. இரண்டாவது விரல் உள்ளே போகும்போது நாய் சட்டென்று தலையைத் திருப்பி அவள் இடது மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது.

உள்ளே மெஷின் ஒரு கணம் தடுக்கியது. நாயின் காதுகள் விறைத்தன. "தைங்கண்ணே, தைங்க" என்று நாத்தனார் அழாத குறையாகச் சொல்வது கேட்டது. மெஷின் மறுபடி ஓடியது. எதையாவது தைக்கிறானா, வெறும் கிழிசல் துணியில் தைத்த இடத்திலேயே தைக்கிறானா, அவனுக்கே தெரிந்திருக்காது. டெய்லரம்மா அசையவில்லை. பற்கள் தோலில் அழுந்தியிருந்தன, இன்னும் இறங்கவில்லை. இறக்கலாமா வேண்டாமா என்று அதுவும் யோசிக்கிறது. மேஜையில் குவிந்த துணி நினைவுக்கு வந்தது, துணியை இழுத்துப் பிடிக்கிற கை இதுதான் என்பதும் வந்தது. கடிக்கிறதானால் கடி, நான் வெட்டாமல் விடப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வலது கையால் மடியிலிருந்த கத்தரியை எடுத்தாள்.

கயிற்றை ஒரே வெட்டில் வெட்ட முடியாது. ஒவ்வொரு இழையாகத்தான். ஓர் இழை, டிக். நாயின் மூச்சு அவள் கையில் சுட்டது. அடுத்த இழை. பற்கள் இன்னும் கொஞ்சம் அழுந்தின, கண் அவளையே பார்த்தது. அவளும் பார்த்தாள். இத்தனை நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், முதன்முறையாக அதை நேராகப் பார்த்தாள். அடுத்தது. கடைசி இழை அறுந்தபோது கயிறு தானாக விழவில்லை, புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அறுந்த நுனியைப் பிடித்து, தைத்த தையலைப் பிரிப்பதுபோல மெதுவாக, மெதுவாக உரித்தெடுத்தாள்.

கயிறு படியில் விழுந்து கிடந்தது. நாய் ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்தது, அந்த மூச்சு தடங்கலில்லாமல் உள்ளே போவது அதன் கழுத்திலேயே இருந்த அவள் இரண்டு விரலுக்குத் தெரிந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மணிக்கட்டை நாய் இன்னும் விடவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.