பன்னிரண்டு விநாடியில் அழிந்த கேச்

பன்னிரண்டே விநாடியில் வேலை முடிந்துவிட்டது. பெர்னதெத்துக்கு அதுதான் உறுத்தியது.

அடுகோடியில் ஒரு கார் ஒர்க்ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்தது அவள் அலுவலகம். பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். எட்டு மாதமாகத் திருத்தங்களைச் செய்வது ஒரு ஏஐ ஏஜென்ட். ஆறு லட்சம் வரி நிரலை அது ஒவ்வொரு முறையும் படிப்பதில்லை. ஆய்வுக் கருவி ஒன்று எல்லாவற்றையும் படித்து, எந்தப் பகுதியை எது அழைக்கிறது என்று குறிப்பெடுத்து வைத்திருக்கும். அந்தக் குறிப்புதான் கேச். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஏஜென்ட் எதிலும் கை வைக்கும்.

நிரல் மாறினால் குறிப்பு பழசாகிவிடும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு கேச்சை அழித்து, கருவியைப் புதிதாகப் படிக்க வைக்க வேண்டும் என்பது விதி. 'அழித்தாயிற்று' என்று கையெழுத்துப் போடுவது பெர்னதெத்தின் பொறுப்பு. இன்று காலையும் போட்டிருந்தாள். பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று வந்தது, போட்டுவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் பொறி தட்டியது. ஆறு லட்சம் வரியைப் பன்னிரண்டு விநாடியில் எது படிக்கும்?

டப்பாவை மூடினாள். கேச் இருந்த இடத்தைத் திறந்து தேதியைப் பார்த்தாள். மூன்று வாரம் பழசு.

"எத்திராஜ், நான் காலைல க்ளியர் பண்ண கேச்சுல மூணு வாரத்துக்கு முந்தின தேதி காட்டுது."

டீம் லீட் எத்திராஜ் தயிர்சாதத்திலிருந்து தலை தூக்கவில்லை. ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் கன்னடம் தானாக வந்து விழும்.

"அது நான் செஞ்சதுதாம்மா. க்ளியர் பண்ணா சர்வர்ல இருக்கிற பழைய கேச்சோட காப்பி வந்து உக்காந்துக்கும். இல்லேன்னா மூணு மணி நேரம் எல்லாரும் டீ குடிச்சுட்டுக் கெடக்கணும். நீதானே அன்னிக்குக் கத்தினே, இது என்ன ரேஷன் க்யூவான்னு?"

கத்தியது வாஸ்தவம்தான்.

"அப்போ நான் எதையுமே அழிக்கல. பழசையே திரும்ப வெச்சுட்டு, அழிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சும்னே பயப்படாதே. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயித்து."

"எந்த டெஸ்ட்டை ஓட்டணும்னு ஏஜென்ட்டுக்குச் சொல்றதும் அதே கேச்தானே?"

எத்திராஜின் கை டப்பாவிலேயே நின்றது.

பெர்னதெத் தன் இடத்துக்கு ஓடினாள். சர்வர் காப்பிக்குப் போகும் வழியைத் துண்டித்தாள். கேச்சை அழித்தாள், இந்த முறை நிஜமாகவே. நாலு மணிக்கு ரிலீஸ்; முழுதும் படிக்க நேரமில்லை. எச்சரிக்கை மணி சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டும் படிக்கச் சொன்னாள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எண் ஊர்ந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அவளுக்குக் கழுத்தோரம் வியர்த்தது.

இருபது நிமிடம் கழித்து ஏஜென்ட்டிடம் கேட்டாள். இந்த வெளியீட்டில், யாரும் அழைக்காதவை என்று நீ நீக்கிய பதினான்கு பகுதிகளையும் மறுபடி சோதி.

பதின்மூன்றுக்குப் பழைய பதிலே வந்தது. பதினான்காவதற்கு வேறு பதில்.

'இந்தப் பகுதியை ஓரிடம் அழைக்கிறது: குழந்தையின் உடல்வெப்பம் குறைந்தால் மணி அடிக்கும் இடம். இதை நீக்குவது பாதுகாப்பானதல்ல.'

பாதுகாப்பானது என்று காலையில் சொன்னதும் அதே ஏஜென்ட்தான், அதே பணிவோடு. இரண்டு வாரம் முன்பு டீமில் இருக்கும் கிஷோர்தான் மணியை அந்தப் பகுதியோடு இணைத்திருந்தான். மூன்று வாரப் பழைய குறிப்புக்கு அது எப்படித் தெரியும்?

"எத்திராஜ்! நாலு மணி ரிலீசை நிறுத்துங்க!"

அவர் கையைக் கூடக் கழுவாமல் நிறுத்தினார். நிறுத்தியவர் உட்காரவில்லை.

"நாலு மணிக்குப் போக வேண்டிய முப்பத்தொம்பது ஆஸ்பத்திரிக்கும் இனிப் போகாதும்மா. ஆனா..."

"ஆனா என்ன?"

"ட்ரையலுக்கு ஒரு எடத்துக்கு முன்னாடியே அனுப்புவோமில்ல. தங்கவயல் ஆஸ்பத்திரி. பதினோரு மணிக்கே போயிடுச்சு."

மணி இரண்டு பத்து.

"பழைய வெர்ஷனைத் திருப்பி அனுப்புங்க," என்றபடியே எண்ணைத் தேடிப் போட்டாள். ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தார்கள்.

"குழந்தைங்க வார்டு, சிஸ்டர் நோரா பேசறேன்."

"சிஸ்டர், வார்மர் கம்பெனிலேர்ந்து பேசறேன். மெஷின் எல்லாம் எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு மேடம். காலைல ஏதோ மாத்தினீங்களாமே? அதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. எப்பவும் கீ கீன்னு உசிரை வாங்கும்."

"திரைல டெம்பரேச்சர் பார்த்தீங்களா?"

"மணி அடிச்சாதான் போய்ப் பார்ப்போம். இங்க ஆறு குழந்தை, நான் ஒருத்தி."

"சிஸ்டர், மணி வேலை செய்யல. இப்பவே போங்க. ஒவ்வொரு குழந்தையா காலைத் தொட்டுப் பாருங்க. உடனே!"

ரிசீவர் மேஜையில் இடித்தது. செருப்புச் சத்தம் விலகிப் போனது. எதிரே எத்திராஜ், "என்ன சொல்றாங்க?" என்று உதட்டசைத்தார். அவள் கையை உயர்த்தி அடக்கினாள்.

எங்கோ ஒரு கதவு திறந்தது. பிறகு, "டாக்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று நோராவின் குரல் அலறியது. பலர் ஓடி வரும் சத்தம்.

போனை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை. அந்தக் களேபரத்துக்குள் ஒரே ஒரு குழந்தையின் அழுகைக் குரலைத் தேடி, பெர்னதெத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டே நின்றாள்.