எரிகிற கரிக்குத் தடையில்லை

யுத்தத்தில் பெட்ரோல் அருகிப்போனதால், திருமயத்திலிருந்து காரைக்குடிக்குப் போகும் வெள்ளைச்சாமியின் பஸ் கரியில் ஓடியது. வண்டியின் பின்புறம் ஆள் உயர இரும்பு உருளை. அதில் கரியைப் போட்டுக் கொளுத்தி விசிறியைக் கால்மணி நேரம் சுற்றினால் வாயு கிளம்பும்; வண்டி நகரும்.

வழியில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் முடிந்து பிரிட்டிஷ் இந்தியா தொடங்கியது. இந்தப் பக்கச் சாவடியில் சமஸ்தானத்துக் குமாஸ்தா ஆத்மநாதன். பத்தடி தள்ளி பிரிட்டிஷ் சாவடியில் குமாஸ்தா ரெங்கராஜ். மத்தியானச் சோற்றை இருவரும் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள், அவரவர் நாட்டில் உட்கார்ந்தபடி.

1943 ஆடி மாதம் ஆத்மநாதனுக்கு ஒரு தாக்கீது வந்தது. சமஸ்தானத்துக் கரி எல்லை தாண்டக் கூடாது. அன்றே பஸ்ஸை மறித்தார்.

"வண்டி போகலாம். உள்ள இருக்கிற கரி போகக் கூடாது."

"கரிய எறக்கிட்டா வண்டி எப்புடிங்க போகும்?" என்றான் வெள்ளைச்சாமி.

"அது தாக்கீதுல இல்லையே."

மூன்று நாள் கரியை இறக்கிவைத்துவிட்டு, பயணிகள் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே எல்லை தாண்டினார்கள். நான்காம் நாள் ரெங்கராஜ் மோர்சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "ஏங்க, உள்ள எரியுதே, அது கரியா, நெருப்பா?"

ஆத்மநாதன் சாப்பிடுவதை நிறுத்தினார். தாக்கீதை எடுத்து மூன்று தரம் படித்தார். நெருப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சாயங்காலத்துக்குள் இருவரும் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள்: எரிகிற கரி நெருப்பாகும். நெருப்புக்குத் தடையில்லை. அணைந்தால் அது மறுபடியும் கரி.

பஸ்ஸுக்காகக் காத்திருந்த கண்ணாத்தாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கரிமூட்டம் போடுகிறவள், அவள் கரியை வாங்கும் கொல்லர்கள் எல்லைக்கு அந்தப்புறம் இருந்தார்கள். தாக்கீது வந்ததிலிருந்து வீட்டில் உலை சரியாகக் கொதிக்கவில்லை. மறுநாள் காலையில் சட்டி நிறையக் கரியை அடுக்கி, மேலாக நாலு துண்டைப் பற்றவைத்துத் தலையில் சும்மாட்டோடு வந்து நின்றாள்.

"என்ன ஆத்தா இது?"

"நெருப்புங்கய்யா."

ஆத்மநாதன் எட்டிப் பார்த்தார். நெருப்புத்தான். 'நெருப்பு, சட்டி ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் இருபது பெண்கள் வந்தார்கள். அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறார்கள் என்று நினைத்த ஒரு போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்; ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரை அவர்கள் காலில் ஊற்றினார்.

அந்தப் பக்கத்திலும் சீமெண்ணெய் எல்லை தாண்டக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. ரெங்கராஜ் அதைப் படித்துப் பார்த்தார். வெளிச்சத்தைப் பற்றி அதிலும் எதுவும் இல்லை. உச்சி வெயிலில் அங்கிருந்து ஆட்கள் அரிக்கேன் விளக்குகளைக் கழுத்துவரை நிரப்பி, ஏற்றி, வரிசையாக இங்கே வந்தார்கள். இருட்டிக் கிடந்த சமஸ்தானத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. பிரிட்டிஷ் உலைகளில் இரும்பு பழுத்தது.

புரட்டாசியில் ஒருநாள் கண்ணாத்தாள் சாவடியைக் கடந்து நாலடி வைத்ததும் மழை கொட்டியது. சட்டியில் தணல் சீறியது.

"ஐயா, அணைஞ்சா கரியாயிருமே!"

ஆத்மநாதனிடம் இருந்தது ஒரே குடை. ஓடிப்போய் அதைச் சட்டிக்குப் பிடித்தார். முதுகில் மழை அடிக்க, கண்ணைத் தணலை விட்டு எடுக்காமல் அவளோடு நடந்தார். இரண்டு துண்டு அணையவேயில்லை.

"அப்பாடா," என்றார்.

"ஆத்மநாதன்," என்றார் ரெங்கராஜ் மெல்ல, "நீங்க எங்க நாட்டுல நிக்கிறீங்க."

ஆத்மநாதன் குனிந்து தம் காலடியைப் பார்த்தார். சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் முன் அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் வேலை போய்விடும். திரும்பிப் போகலாமென்றால், லீவு இல்லாமல் வெளியே போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிரிட்டிஷ் சாவடியில் உட்கார்ந்து, பத்தடி தூரம் வந்ததற்கு லீவு கேட்டு மனு எழுதி, பஸ்ஸில் தம் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார்.

மூன்று நாள் அங்கேயே இருந்தார், ஆளில்லாத தம் சாவடியைப் பார்த்தபடி. ரெங்கராஜ் உடுத்த வேட்டி கொடுத்தார். கண்ணாத்தாள் இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்தாள். அந்த மூன்று நாளும் அவள் கரியைக் கொளுத்தாமலே கொண்டுபோயிருக்கலாம், கொளுத்தித்தான் போனாள்.

"அதான் ஆளில்லையே, எதுக்கு வீணா எரிக்கிற?" என்றான் வெள்ளைச்சாமி.

"அங்கிட்டு இருந்து ஐயா பாத்துக்கிட்டுல்ல இருக்காக. மனசு சங்கடப்படும்."

நான்காம் நாள் பதில் வந்தது. 'ஆஜர் பட்டியலின்படி மேற்படி குமாஸ்தா தம் சாவடியில் வேலையில் இருக்கிறார். ஆகவே அவர் எல்லைக்கு வெளியே இருக்க முடியாது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

ஆத்மநாதன் இரண்டு தரம் படித்தார். முகம் தெளிந்தது. குடையை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்ணாத்தாள் சோற்றுத் தூக்கோடு நடுரோட்டில் நின்றாள். "அப்ப மூணு நாளா நான் சோறு போட்டது யாருக்குங்கய்யா?"

"எனக்குத்தான் ஆத்தா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஆபீசுக்குத்தான் அது தெரியாது. இன்னிக்கு என்ன கொழம்பு?"