விற்பனைக்கான வயது

எனக்கு முப்பத்தைந்து வயது. காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை நாற்பத்தாறு.

இதை நானாக ஏற்றிக்கொள்ளவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் எங்கள் சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்த தொழில். ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில், முகச்சுருக்கம் நீக்கும் விலையுயர்ந்த க்ரீம் விற்கும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்பவள் நான். டப்பா எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். விலை என் சம்பளத்தில் பாதி. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கும் பெண்கள். கண்ணோரத்தில் முதல் கோட்டைப் பார்த்து அரண்டு போனவர்கள். க்ரீமில் என்னென்ன இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். அதனால் "என் வயசு என்ன இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்க வேண்டும். முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு என்பார்கள். லேசாக வெட்கப்பட்டுக்கொண்டே "நாப்பத்தாறு" என்று சொன்னால் போதும். பிளந்த வாய் மூடுவதற்குள் பை திறந்துவிடும்.

இதற்கு ஒரே ஒரு விதி. அவர்கள் ஒரு எண்ணைச் சொல்லும் வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது. நாம் முந்திக்கொண்டால் அது வெறும் தகவல். யாரும் தகவலுக்குப் பணம் கொடுப்பதில்லை.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. காய் நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரரின் விரலைப் பார்ப்பேன். பேருந்தில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் கைப்பையைத் தொட்டுக்கொள்வேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிவந்த பூவைக்கூட எண்ணிப் பார்த்தவள் நான் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். எண்ணிக்கை குறைந்திருந்ததை மட்டும் சொல்ல மாட்டார்.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச் மேடம். தினமும் கடை திறப்பதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி, போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்து முகத்தைச் சோதிப்பார். பரு, கருவளையம், தூக்கமில்லாத கண் எதுவும் தப்பாது. போன திங்கட்கிழமை அந்தச் சோதனை முடிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்களாம். கஸ்டமர் மாதிரியே வருவாங்க, பேசுவாங்க, போயிடுவாங்க. யாருன்னே தெரியாது. போன வாரம் சென்ட் விக்கிற பொண்ண எதுக்கு அனுப்பினாங்கன்னு தெரியும்ல? பொய் சொல்லி வித்தா."

மற்றவர்கள் கலைந்ததும் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"மேடம், அப்போ அந்த நாப்பத்தாறு?"

"எந்த நாப்பத்தாறு?" என்றார் டார்ச் மேடம், கண் இமைக்காமல்.

சரிதான், மாட்டினால் நான் ஒருத்திதான் மாட்டுவேன் என்று புரிந்தது. என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் மகளின் பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் ஒரு சம்பளத்தில் ஓட வேண்டும். ஓடாது.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அவள் வந்தாள். பழுப்புப் பை, தேய்ந்துபோன ஆனால் பளபளவென்று பாலிஷ் போட்ட செருப்பு, கையில் ஒரு குட்டி நோட்டு. க்ரீம் வாங்க வருகிறவள் டப்பாவைத்தானே பார்க்க வேண்டும்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

"இது எவ்வளவு நாள்ல தெரியும்?" என்று கேட்டாள்.

"நாலு வாரத்துல வித்தியாசம் தெரியுங்க."

"யாருக்குத் தெரியும்? எனக்கா, மத்தவங்களுக்கா?"

ஐந்து வருடத்தில் ஒருத்தியும் கேட்காத கேள்வி. எப்போதும் கைகொடுக்கும் இடத்துக்குத் தாவினேன். "என் வயசு என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"நான் யாரோட வயசையும் சொல்றதில்லைங்க. எங்க வேலையில அது கூடாது. நீங்களே சொல்லிடுங்க."

எங்க வேலையிலயா? என்ன வேலையம்மா அது என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பதற்றத்தில் விதி மறந்தது. "நாப்பத்தாறு" என்று நானே முந்திக்கொண்டு உளறிவிட்டேன்.

அவள் வாயைப் பிளக்கவில்லை. "ஓ" என்றாள். நோட்டில் ஏதோ எழுதினாள். போய்விட்டாள். எழுதியது இரண்டு எழுத்துதான், எண்ணாகத்தான் இருக்கும் என்று அவள் பேனா அசைந்ததை வைத்தே கண்டுபிடித்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தாள். இந்தத் தடவை நேராக விசாரணை.

"நீங்க எவ்வளவு காலமா இத போடுறீங்க?"

"அஞ்சு வருஷமா." இது மட்டும் சத்தியமான உண்மை. எங்களுக்கு அது கட்டாயம். காலையில் டார்ச் மேடம் முன்னால் பூச வேண்டும், அப்புறம் கேட்கிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பூசிக் காட்ட வேண்டும்.

"பசங்க இருக்காங்களா?"

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு அது ஒத்துவராது. "பையன். காலேஜ் படிக்கிறான்."

"எந்த வருஷம்?"

"ரெண்டாவது."

"கொஞ்சம் வாசல் பக்கம் வரீங்களா? இந்த லைட்ல சரியா தெரியல."

கண்ணாடிக் கதவு வரைக்கும் என்னைக் கூட்டிப்போய், வெயில் முகத்தில் விழும்படி நிறுத்தி, ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை, இடது பக்கம், வலது பக்கம். வீடு வாங்க வந்தவர்கள் சுவரில் விரிசல் தேடுவது இப்படித்தான். மறுபடியும் "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே திரும்பினால், டார்ச் மேடம் கைப்பை விற்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு வீட்டில் மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டபடி வீட்டுக்காரரிடம் கதையைச் சொன்னேன்.

"சந்தேகமே இல்ல, அவதான் ஆபீஸ் ஆளு. பையன் எந்த வருஷம்னு கேக்குறா. எந்தக் கஸ்டமர் கேப்பா?"

"எனக்கு ஒரு பையன் இருக்கான்னு இப்பதான் தெரியுது. நல்லா படிக்கிறானா?"

"சிரிக்காதீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"உண்மையச் சொல்லிடு. தப்ப ஒத்துக்கிட்டவள யாரும் துரத்த மாட்டாங்க."

"துரத்தினா? வாடகை நீங்க கட்டுவீங்களா?"

"பாதி கட்டுறேன். மீதிய உன் காலேஜ் பையன்கிட்ட கேளு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆபீஸ் ஆள் என்னதான் பிடிக்க வந்திருக்கிறாள்? பொய்யை. அவளே பிடிப்பதற்கு முன்னால் நானே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால், நேர்மையானவள் என்று எழுதிக்கொண்டு போவாள். என் சந்தேக புத்தி முதல்முறையாக எனக்குச் சோறு போடப்போகிறது என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் நோட்டை எடுக்கவில்லை. நேராகப் பையைத் திறந்து ஒரு கவரை மேசை மேல் வைத்தாள்.

"ஒரு டப்பா குடுத்துடுங்க."

அப்பட்டமான பொறி. பொய்யை நம்பி ஒருத்தி பணத்தை நீட்டும்போது என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாள். என்கிட்டயா? கவரை மெதுவாக அவள் பக்கமே தள்ளினேன்.

"மன்னிச்சிடுங்க. அன்னைக்கு நான் சொன்னது உண்மை இல்ல. எனக்கு நாப்பத்தாறு இல்லைங்க. முப்பத்தஞ்சு. பையனும் கிடையாது, சின்னப் பொண்ணுதான். பொய் சொல்லி உங்ககிட்ட விக்க எனக்கு மனசு வரல."

நன்றாகப் பேசினாய் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சபாஷ் இல்லை. முகம் சுண்டிப் போயிருந்தது.

"நீங்களுமா?" என்றாள். "ஏழு கடை ஏறி இறங்கி நோட்டுல குறிச்சு வச்சிருக்கேங்க. விக்கிறவங்க எல்லாரும் தங்களோட வயச குறைச்சு குறைச்சு காது குத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க. நாப்பத்தாறுன்னீங்க, பாக்கவும் நாப்பத்தாறு மாதிரியே இருந்தீங்க. இவங்க பொய் சொல்ல மாட்டாங்க, நாலு வாரம்னு சொன்னதும் உண்மையாத்தான் இருக்கும்னு நம்பித்தான் வந்தேன்."

கவர் மேலிருந்த கையை எடுத்தேன்.

"நீங்க... தலைமை ஆபீஸ் இல்லையா?"

"எந்த ஆபீஸ்? நான் ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல நிக்கிறேன். எனக்கு முப்பத்தெட்டு. மூஞ்சி களையா இல்ல, பின்பக்கம் சலவைக் கணக்குக்கு மாத்திடலாமான்னு மேனேஜர் கேட்டாரு. அதான் இந்த அலைச்சல்." கவரை எடுத்துக்கொண்டாள். "இப்ப பணம் குடுக்குற நேரத்துல பத்து வயச குறைக்கிறீங்க. எதுக்குங்க? முப்பத்தஞ்சுன்னா யாரு நம்புவா?"

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பொய் சொன்னதற்குத் திட்டு வாங்கலாம், உண்மை சொன்னதற்கு எப்படி வாங்குவது? கழுத்திலிருந்த பணி அட்டையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். முன்பக்கம் படம், பெயர்; யாரும் திருப்பிப் பார்க்காத பின்பக்கம் பிறந்த தேதி, நிறுவனத்தின் முத்திரை எல்லாம் அதில் இருக்கிறது.

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்து உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். கோபம் அப்படியே வடிந்துபோய், அந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

"அஞ்சு வருஷமா தினமும் போடுறீங்களா?" என்றாள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற குரலில்.

அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். கவரைப் பைக்குள் ஆழமாகத் தள்ளி ஜிப்பை இழுத்தாள். "உடம்ப பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து நிமிஷத்தில் டார்ச் மேடம் என்னைச் சரக்கு அறைக்குக் கூப்பிட்டார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் என் ஒப்பந்தத் தாள். போச்சு என்று நினைத்தேன்.

"தலைமை ஆபீஸ் ஆள் நேத்தே வந்துட்டு போயாச்சு. நம்ம பக்கம் எட்டிக்கூட பாக்கல" என்றார். "நான் கூப்பிட்டது வேற விஷயம். நீ வயசு கேக்குறப்போ கஸ்டமர் என்ன சொல்றாங்கன்னு கவனிச்சியா?"

"முப்பத்திநாலு, முப்பத்தஞ்சு..."

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. இப்ப நாப்பத்திரெண்டுக்குக் கீழ யாரும் சொல்றதில்ல. போன மாசம் ரெண்டு பேரு நாப்பத்தாறையே சொன்னாங்க. நீ கேட்டுட்டு அவங்ககிட்டயும் நாப்பத்தாறுன்னே சொன்ன. அப்புறம் எப்படிம்மா விக்கும்?"

எனக்கு நினைவிருந்தது. கடைக்காரரின் விரலை விடாதவள், நாற்பதுக்கு மேல் சொன்னவர்களையெல்லாம் பொறாமை பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டேன். நாற்பத்தாறு சொன்ன இரண்டு பேரை, யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பிய ஆட்கள் என்று நினைத்தேன். பத்து மணிநேரம் அந்த வெள்ளை விளக்குக்குக் கீழே நின்றதையும், ஒரு நாளைக்கு முப்பது தடவை முகத்தைத் துடைத்ததையும் மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

"என்ன மேடம் பண்றது? அனுப்பிடுவீங்களா?"

"எதுக்கு அனுப்பணும்? நல்லா பேசுற. நேரத்துக்கு வர." தாளையும் பேனாவையும் நீட்டினார். "ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கேன், கையெழுத்து போடு. நாளையிலேர்ந்து அம்பத்தெட்டுன்னு சொல்லு. பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு வச்சுக்கோ."

கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்வது?

மறுநாள் முதல் வாடிக்கையாளர் சிவப்புச் சட்டைக்காரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தாள். கேட்டேன். விதிப்படி காத்திருந்தேன். யோசித்து, தயங்கி, "நாப்பத்தஞ்சு இருக்குமா?" என்றாள்.

"அம்பத்தெட்டு."

"ஐயோ! சும்மா சொல்லாதீங்க! எங்கம்மாவுக்கும் அதே வயசுதான். சத்தியமா நம்பவே முடியல ஆன்ட்டி!"

இரண்டு டப்பா வாங்கினாள், அவளுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. தள்ளுபடி அட்டைக்கான படிவத்தை அவளே நிரப்பிக் கொடுத்தாள். அதில் பிறந்த தேதியைப் பார்த்தேன். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று பையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இரும்மா" என்றேன்.