சென்றியில் இறங்கியவன்

கூடப்பிறந்த தம்பியின் விலை பதினெட்டாயிரம் டொலர். 1996ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோவில் அதுதான் நடப்பு விலை. பாதி இங்கே, மற்றப் பாதி பொடியன் பியர்சன் விமானநிலையத்தில் கால் வைத்த பிறகு. யோகராணி பேரம் பேசவில்லை. கைப்பையிலிருந்து காசுக்கட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளையைக் கொண்டுவாங்கோ அண்ணை" என்றாள்.

பயண முகவர் இராசரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் கொழும்பில் தகப்பனின் புடைவைக் கடையில் வளர்ந்தவர். விலையைக் கேட்டுக் குறைக்காத ஆள் ஒன்றில் விசர், இல்லாவிட்டால் சரக்குப் பழுதென்றால் கடையையே கொளுத்தக்கூடிய ஆள் என்று தகப்பன் சொல்லிவைத்திருந்தார். யோகராணி இதில் எந்த வகை என்று இராசரத்தினம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். காசை எண்ணுகிற மும்முரத்தில் விட்டுவிட்டார்.

அவருடைய ஒபிஸ் மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே வீடியோக் கடை. ஒபிஸ் ஜன்னலோரம் ஒரு சைக்கிள், பின்சக்கரம் நிலத்தில் படாமல் இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்திருக்கும். வருகிறவர்கள் மிதியைச் சுழற்றிப் பார்க்கலாம். சுவரில் யானையும் சோளக்காடும் கையசைக்கிற பிள்ளைகளுமாகப் படங்கள். ஆபிரிக்கக் கிராமங்களுக்குள்ளால், தோட்டங்களுக்குள்ளால், காட்டு விலங்குகள் திரிகிற வெளிகளுக்குள்ளால், வழிகாட்டியோடு சைக்கிள் பயணம். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரீச்சர்மாரும் நேர்ஸ்மாரும் நல்ல காசு கட்டிப் போனார்கள். அது நேர்மையான வியாபாரம்தான்.

நேர்மையில்லாத பகுதி ஒவ்வொரு குழுவிலும் கடைசிச் சைக்கிளில் போனது. கொழும்பிலிருந்து எப்படியோ ஆபிரிக்கா வரைக்கும் வந்து தேங்கிக் கிடக்கிற பொடியன் ஒருவனுக்கு ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் இறுக்கமான காற்சட்டையும் கொடுத்து, படம் மாற்றி ஒட்டிய கனடியப் பாஸ்போட்டையும் கையில் வைத்து, வெள்ளைக்காரரோடு சேர்த்து மிதிக்க விடுவார். வேர்த்து, வெயிலில் வெந்து, பின்பக்கம் நொந்து வருகிற சைக்கிள்காரரை எல்லைக் காவலர் துருவிக் கேட்பதில்லை. அகதி கஷ்டப்படுவான், அது ஊருலகம் அறிந்தது. கஷ்டத்துக்கு முற்பணம் கட்டுவான் என்று யார் நினைப்பார்கள்? பயணம் முடிய, குழுவோடு குழுவாக விமானம் ஏறவேண்டியதுதான்.

வழிகாட்டி கிரேஸ் என்ற பெண்ணுக்கு இந்தக் கள்ளம் தெரியாது. அவளுக்கு யோகராணியின் தம்பி கிருபன், அதிகம் பேசாத ஒரு கனடியன்.

கிருபனுக்கு இராசரத்தினம் ரெலிபோனில் பாடம் எடுத்திருந்தார். "யானையைக் கண்டா 'வாவ்' எண்டு சொல்லு. பயந்து ஓடாதை. பாணுக்கு ஜாமை மெல்லிசாப் பூசு, அள்ளி அப்பாதை. சோளக்காட்டைக் கண்டா நிண்டு படம் எடு. என்ர பேரை மட்டும் செத்தாலும் சொல்லாதை. சொன்னியோ, கனடாவை மறந்துபோடு."

ஒரு சனிக்கிழமை காலை, யோகராணி கோழித் தொழிற்சாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்க, ஆபிரிக்காவிலிருந்து கிரேஸ் அழைத்தாள். கிருபன் சப்பாத்துக்குள் வைத்திருந்த நம்பரைக் கொடுத்திருக்கிறான். ஆறு வருசம் கோழிக்குச் செட்டை வெட்டியபடி யோகராணி பொறுக்கிய ஆங்கிலம், விசயத்தை விளங்கிக்கொள்ளப் போதுமாக இருந்தது.

புகையிலைத் தோட்டங்களைத் தாண்டி, யானைக் காட்டைத் தாண்டி, எல்லைக் காவல்நிலையத்துக்குக் குழு வந்திருக்கிறது. தடைமரம் மேலே தூக்கியிருந்தது. துவக்கோடு நின்ற காவலன் போகச்சொல்லிக் கையும் காட்டினான். வெள்ளைக்காரர் எல்லோரும் மணியடித்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். கிருபன் மட்டும் துவக்கைக் கண்டதும், ஐம்பது மீற்றர் தள்ளியே சைக்கிளால் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். பாஸ்போட்டை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சைக்கிளை உருட்டியபடி வந்தான்.

காசு கட்டிச் சைக்கிள் ஓட வந்தவன் ஏன் நடக்கிறான்? காவலனுக்குச் சந்தேகம் வந்தது. பாஸ்போட்டை நகத்தால் சுரண்டினான். படத்தின் மூலை கிளம்பியது.

"உங்கள் முதலாளி போன் எடுக்கிறார் இல்லை. இங்கே இவனை அடிக்கப் போகிறார்கள்" என்றாள் கிரேஸ்.

யோகராணிக்கு மூன்று தம்பிமார் இருந்தார்கள். ஒருவன் ஷெல்லில் போனான். மற்றவன் ஆமி சுற்றிவளைத்துக் கொண்டுபோய்த் திரும்பி வரவில்லை. மிச்சம் இது ஒன்றுதான்.

அவள் ஒபிசுக்குள் நுழைந்தபோது ரெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. இராசரத்தினம் அதன் பக்கத்தில் இருந்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்குது அண்ணை."

"பிழையான நம்பர், தங்கச்சி."

"எடுக்காமல் எப்பிடித் தெரியும்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இஞ்சை பாரும். பிழை முழுக்க உம்மடை தம்பியில. சும்மா ஓடிப்போக வேண்டியதுதானே? அந்த விசரனை ஆர் இறங்கச் சொன்னது?"

"ஆர் இறங்க வேண்டாமெண்டு சொன்னது?" யோகராணியின் குரல் உயரவில்லை. "ஜாம் பூசச் சொல்லிக் குடுத்தனீங்கள். வாவ் சொல்லப் பழக்கினனீங்கள். சென்றியைக் கண்டா இறங்காதையெண்டு சொன்னீங்களோ? யாழ்ப்பாணத்தில ஓடிக்கொண்டு போனவன் எவன் உயிரோட இருக்கிறான்? பாலுக்குப் போற பிள்ளையும் இறங்கித்தானே உருட்டும்!"

இராசரத்தினம் எழுபத்தைந்தாம் ஆண்டு கொழும்பால் வெளிக்கிட்டவர். சென்றி என்கிற ஆமிக் காவலரண் ஒன்றிலும் அவர் சைக்கிளோடு நின்றதில்லை. இப்படியொரு பழக்கம் இருக்கிறதென்றே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். தெரியாததை ஒத்துக்கொள்வது வியாபாரத்துக்குக் கூடாது என்பதால், பின்னறைப் பக்கம் திரும்பி, "அல்பேட்!" என்று கூப்பிட்டார்.

அல்பேட் அவரிடம் சம்பளத்துக்கு நின்ற தடியன். கடனைத் திருப்பித் தராதவர்களின் கார்க் கண்ணாடியை உடைப்பது அவனுடைய உத்தியோகம். ஹொக்கி மட்டையோடு வந்தான்.

"அக்கா, மரியாதையாப் போங்கோ."

"நீ தள்ளு தம்பி. உன்னோட எனக்கு ஒண்டும் இல்லை."

மட்டை இடத்தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. யோகராணி ஜன்னலோரச் சைக்கிளின்மேல் போய் விழுந்தாள். அல்பேட் தலைமயிரைப் பிடிக்கக் குனிந்து, சமநிலைக்கு மற்றக் கையைச் சைக்கிளில் ஊன்றினான். விரல்கள் சங்கிலிக்கும் பல்லுச்சில்லுக்கும் நடுவில் இருந்தன. யோகராணி அதைக் கண்டாள். வலக்கையால் மிதியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்துச் சுழற்றினாள். ஆறு வருசம் கோழி முறித்த கை. மூன்று விரல்கள் சங்கிலியோடு சேர்ந்து உள்ளே போயின.

அல்பேட் வைத்த கத்தல் வீடியோக் கடைவரை கேட்டது. கீழே நின்றவர்கள் யாரோ சண்டைப் படம் போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார்கள். சனிக்கிழமைகளில் அது வழக்கம்தான். அவள் மிதியைப் பின்னுக்குச் சுழற்றிக் கையை விடுவித்தாள். அவன் இரத்தம் சொட்டச் சொட்டப் படியால் இறங்கி ஓடினான். யோகராணி கதவைச் சாத்தினாள். சைக்கிள் பூட்டுச் சங்கிலியைக் கதவுக் கைப்பிடிகளில் சுற்றிப் பூட்டி, திறப்பைச் சட்டைக்குள் போட்டாள்.

ரெலிபோன் திரும்பவும் அடித்தது. அவள் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினாள்.

"மிஸ்டர் ராசா! கடவுளே, கடைசியில் எடுத்தீர்கள்!" கிரேஸின் குரல். "இவன் யாருடைய ஆள், யார் அனுப்பியது என்று கேட்கிறார்கள். வாய் திறக்கிறான் இல்லை. பொறுப்பான ஒருவர் சொன்னால்..."

பின்னால் ஒரு சத்தம். றப்பர் குழாய் ஈரச் சதையில் விழுகிற சத்தம். பிறகு கிருபனின் குரல்: "அம்மா!"

சுவரோடு சைக்கிளுக்குக் காத்தடிக்கிற இரும்புப் பம்ப் ஒன்று சாய்ந்திருந்தது. யோகராணி எடுத்தாள். இராசரத்தினத்தின் தோளில் ஒன்று வைத்தாள்.

"ஐயோ! எனக்கென்னத்துக்கு?"

"அங்க விழுற ஒவ்வொண்டும் இங்கயும் விழும் அண்ணை. வியாபாரிதானே, விளங்கும். சொல்லுங்கோ, உங்கட ஆளெண்டு."

"சொன்னா என்ர கொம்பனி போச்சுது தங்கச்சி! பொலிஸ் இங்கையும் வரும்!"

அங்கே இரண்டாவது. இங்கே முழங்கால். அவர் கதிரையோடு சரிந்தார்.

"பாதிக் காசைத் திருப்பித் தாறன்!"

அங்கே மூன்றாவது. இங்கே முழங்கை.

"முழுக் காசும்! முழுக் காசும் தாறன், வட்டியோட!"

"காசைப் பற்றி இங்க ஆர் கதைச்சது?" அங்கே நாலாவது விழ, அவள் அதை அவர் மூக்கில் இறக்கினாள். அவருக்கு அடியைவிட அந்தக் கேள்விதான் பயத்தைக் கொடுத்தது. இறங்கி வராத ஆளோடு அவர் ஒருநாளும் வியாபாரம் செய்ததில்லை.

அங்கே இரண்டு அடுத்தடுத்து விழுந்தன. அவளும் இடைவெளி விடாமல் இரண்டு கொடுத்தாள். இரண்டாவதில் முன்பல் இரண்டு மேசைக்குக் கீழே உருண்டன. அவள் ரெலிபோனுக்குள் குனிந்து தன் ஆங்கிலத்தில் கத்தினாள்: "இராசரத்தினம்! இவன்தான் முதலாளி! தம்பியை விடு!"

ஒரு கனத்த ஆண்குரல் வந்தது. நிதானமான குரல். காவல்நிலையப் பொறுப்பதிகாரி.

"நீ யார்?"

"அக்கா."

"அக்காமார் எல்லாரும் பொய் சொல்லுவார்கள், அம்மா. நானும் ஒரு அக்காவோடு வளர்ந்தவன். அந்த மனிதனே சொல்லட்டும்."

ஏழாவது விழுந்தது. இந்தமுறை கிருபன் கத்தவில்லை. யோகராணி பம்பை ஒற்றைக்கையால் தலைக்குமேல் தூக்கி விலாவில் இறக்கினாள். உள்ளே என்னவோ உடைந்தது. எட்டாவதுக்கும் அதே இடம். முறிந்த தோளால் அவளுக்கும் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுறன்! சொல்லுறன்!" இராசரத்தினம் இரத்தத்தைத் துப்பிவிட்டு ரெலிபோனை நோக்கித் தவழ்ந்தார். "சேர்! அவன்... அவன் கிரேஸ் கொண்டுவந்த ஆள். வழிகாட்டியைக் கேளுங்கோ. எனக்கொண்டும் தெரியாது."

"பொய்க்காரா!" கிரேஸ் அலறினாள். "என் சைக்கிளில், என் பாதையில், என் தலையில் கட்டப் பார்க்கிறாயா?"

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். ஒன்பதாவது விழுந்தது.

யோகராணி பம்பைத் தூக்கினாள். "டேய்" என்றாள். அண்ணை போய், நீங்கள் போய், கடைசியில் இது. "பொய்க்கும் சேர்த்து அவனுக்குத்தான்ரா விழுது!" அடி தாடையில் இறங்கியது.

அதற்குப் பிறகு இராசரத்தினம் உண்மையைச் சொன்னார். பாஸ்போட் தான் செய்வித்தது. பொடியனுக்கு ஒன்றும் தெரியாது. கிரேஸுக்கும் தெரியாது. குற்றம் தன் கொம்பனியுடையது. அதிகாரி பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார். அவ்வளவு நீளப் பெயரை, முன்பல் இல்லாமல், கழன்ற தாடையோடு ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க நல்ல நேரம் எடுத்தது. அபராதமாகக் கொம்பனியின் இரண்டு சைக்கிளை அதிகாரி எடுத்துக்கொண்டார். பொடியனை வைத்திருந்தால் சாப்பாடு போட்டு, தலைநகருக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கவேண்டும் என்று சொல்லி, பாஸ்போட்டையும் கொடுத்து கிரேஸிடம் தள்ளிவிட்டார். இந்தக் கொம்பனியின் சைக்கிள் இனி இந்தப் பக்கம் வந்தால் உருக்கிவிடுவேன் என்றார்.

"தம்பி, இருக்கிறியோடா?"

"இருக்கிறன் அக்கா." மூச்சு வாங்கியது. "நான் பேர் சொல்லேல்லை அக்கா."

"தெரியும்."

"சைக்கிளால இறங்கிப்போட்டன். நான் இறங்க நினைக்கேல்லை. கால் தானா இறங்கிட்டுது."

அவள் ரெலிபோனை வைத்தாள்.

அன்று மத்தியானம் ஒரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மூன்று பேர் மூன்று வரிசையில் இருந்தார்கள். யோகராணி கோழி மெசினில் அடிபட்டதாகச் சொன்னாள். அல்பேட் சைக்கிள் திருத்தும்போது கை மாட்டுப்பட்டதாகச் சொன்னான். இராசரத்தினம் சைக்கிளால் விழுந்ததாகச் சைகையில் காட்டினார். ஹெல்மெட் போடவில்லையா என்று நேர்ஸ் அவருக்குப் புத்தி சொன்னாள். உண்மையைச் சொன்னால் பொலிசுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்கவேண்டியிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கிருபன் உடைந்த விலாவோடு மிச்சத் தூரத்தையும் மிதித்தான். வெள்ளைக்கார நேர்ஸ்மார் அவன் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, இரண்டு பக்கமும் மெதுவாக ஓடிவந்தார்கள். பாஸ்போட்டில் கிளம்பிய மூலையை ஒட்டிக்கொண்டு குழுவோடு விமானம் ஏறி, பியர்சனில் இறங்கி, அகதி என்று சொன்னான். விசாரணைகள் முடிந்து யோகராணி அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இலை உதிர்காலம். மற்றப் பாதிக் காசைக் கேட்டு யாரும் வரவில்லை. இராசரத்தினம் ஒபிசைப் பூட்டிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பக்கம் போய்விட்டார் என்று கதை.

முதல்நாள் இரவுச் சாப்பாட்டில், இடப்பக்கம் இருந்து அவள் கேட்டதற்கெல்லாம் கிருபன் முழுதாகத் திரும்பி வலக் காதைக் காட்டினான்.

"அது என்னடா?"

"இடக் காது கேக்காது அக்கா."

"எந்த அடியில? எல்லாத்தையும் நான் கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்."

"இது போனுக்கு முதலே. கிரேஸ் உங்களுக்கு எடுக்கப்போன நேரம்."

யோகராணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "முதலும் அடிச்சவங்களோ? எத்தினை?"

"எண்ணேல்லை. விடுங்கோவன்."

"எத்தினையடா?"

"ஒரு அஞ்சு இருக்கும்."

அவள் எழும்பிக் கையைக் கழுவினாள். இடக்கையை மேலே தூக்கி, பின்னே கொண்டுபோய், முன்னே இறக்கிப் பார்த்தாள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருந்தது.

"எங்கை அக்கா போறியள், சாப்பாட்டால எழும்பி?"

"றிச்மண்ட் ஹில்லுக்கு எந்த பஸ் போகுதெண்டு பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அன்ரியைக் கேட்டுக்கொண்டு வாறன். நீ சாப்பிடு."

கிருபன் வாங்கியது பதினாலு. இராசரத்தினம் வாங்கியது ஒன்பது. பாக்கி ஐந்து.