பன்னிரண்டு அடி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் யூஜினுக்கும் போன் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். யூஜின் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்கு நின்றுவந்தார். அந்த வேலைக்காக வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அதை வைத்துச் சுட நேர்ந்ததில்லை.

காலை ஒன்பதரைக்குத் துப்பாக்கியைக் கித்தான் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தோட்டாக்கள் தனியாகச் சட்டைப் பையில். பெரிய மார்க்கெட் பக்கம் வந்ததும் அவர் ஏறிவந்த ஆட்டோ நெரிசலில் நின்றுவிட்டது. நடந்தே போய்விடலாம் என்று இறங்கிப் பூக்கடைச் சந்துக்குள் நுழைந்தார்.

கூட்டம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருவன் பூ விற்கும் பெண்ணின் முடியை இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தான். வலது கையில் மீன் வெட்டுகிற கத்தி. அவள் பெயர் பாக்யலட்சுமி, அவன் அவளுடைய புருஷன் கண்ணையன் என்பதெல்லாம் யூஜினுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் தோளில் ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்திருந்தது.

யூஜின் உறையை அவிழ்த்தார். இரண்டு தோட்டாக்களைப் போட்டுக் குழலை மூடினார். கை நடுங்கவில்லை.

"கத்தியக் கீழ போடு."

கண்ணையன் அவரைப் பார்த்தான். அவளை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான். "சுடு. சுடேன், பாப்பம்."

"சுடுங்க சார்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். தோட்டாவில் இருப்பது ஒற்றைக் குண்டு அல்ல, சிதறிப் போகிற ஈயக் குண்டுகள். முன்னால் அவள். அவனுக்குப் பின்னால், கூடைகளை விட்டு ஓட மனமில்லாமல் ஏழெட்டுப் பெண்கள். யூஜின் சுடவில்லை.

அப்போது மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் செல்வகுமார் என்பவர் பக்கவாட்டிலிருந்து நெருங்கினார். கண்ணையன் அவர் பக்கம் திரும்பினான். அவள் கால் மடங்கிச் சரிந்தாள். அவன் மட்டும் தனியாக நின்றான். பின்னாலிருந்த பெண்களும் அதற்குள் ஒதுங்கிவிட்டிருந்தார்கள், வெறும் சுவர். யூஜினின் விரல் விசைமேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

கண்ணையன் குனிந்து அவளைக் குத்தினான். இரண்டாவது தடவை கையை ஓங்குவதற்குள் செல்வகுமார் அவன்மேல் விழுந்து அமுக்கிவிட்டார்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கூட்டம் இருந்தது, அவள் மேலும் பட்டிருக்கும், அதனால் சுடவில்லை என்று யூஜின் சொன்னார். "நல்ல வேள சார். தப்பித் தவறி வேற யாரு மேலயாவது பட்டிருந்தா நீங்கதான் உள்ள போயிருப்பீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார். அவருக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்த மனைவி அகஸ்டினா ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள். "ரசத்துல உப்பே இல்லியே. சொல்லக் கூடாதா?"

"இல்லியா?" என்றார்.

மூன்றாம் நாள் பாக்யலட்சுமி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அகஸ்டினாதான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். யூஜின் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்து வேலைக்குப் போனார். துப்பாக்கி இல்லாததால் கடையில் ஒரு தடி கொடுத்திருந்தார்கள். சுட்டிருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், சுடாததுதான் சரி என்று சிலர் சொன்னார்கள். இரண்டு பேச்சுக்கும் அவர் ஒரே மாதிரி தலையாட்டினார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இறந்தவளின் அக்கா சொர்ணம் வீடு தேடி வந்தாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"சுட்டிருந்தா அவ மேலயும் பட்டிருக்கும்னு சொன்னீங்களாமே."

"ஆமாம்மா."

"கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சா?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. யூஜின் சுவரைப் பார்த்தார்.

"இல்ல. ஒரு நொடி அவன் தனியா நின்னான். பின்னால யாரும் இல்ல. சுட்டிருக்கலாம்."

"ஏன் சுடல?"

"தெரியலம்மா. பயமும் இல்ல. வெரலு அசையல."

சொர்ணம் அழுதாலோ திட்டினாலோ தனக்குள் ஏதாவது நடக்கும் என்று அவர் காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல சாட்சி சொல்ல வருவீங்களா?"

"வரேன். இதையும் சொல்லிடறேன்."

"இத எதுக்கு நீங்களா போய்ச் சொல்றீங்க? அவன் வக்கீலு உங்களையே புடிச்சிக்குவான், அவன் செஞ்சது பின்னால போயிடும். அவன் குத்துனத மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"எதிர்த் தரப்புல கேட்டா?"

"கேட்டா சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம்."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து அகஸ்டினா காப்பியோடு வந்து, யாருக்கு என்று தெரியாமல் நின்றாள்.

"போயிட்டாங்களா? என்னா சொன்னாங்க?"

"சாட்சிக்கு வரச் சொன்னாங்க" என்றார் யூஜின். அவளிடம் மிச்சத்தைச் சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார். காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தம்ளரின் சூடு விரலுக்கு உறைக்க நேரமானது.