பழசைக் கழட்டு

அக்காவின் தலைக்குள் டாக்டர்கள் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், அவள் கணவரான மாமாவுக்குப் பக்கத்தில், லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. அன்றைக்கு அங்கே நிதானம் இருந்தான். அது பட்டப்பெயர், அவனிடம் சுத்தமாக இல்லாதது அதுதான் என்பதால் வைத்தோம்.

போனில் கூப்பிட்டான். "ஸ்கேன் படம் இருக்கிற ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு போயிடுச்சு. எது போச்சுன்னு காட்டுற விளக்கும் எரியல. எதைக் கழட்ட?"

"பழசைத்தான். வேற எதை?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன். எங்கள் அறையில் செத்த டிஸ்க்குக்குப் பெயர் பழசு. மாற்றிப் போடுவது புதுசு.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படங்கள்தான் இருக்கும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். புதுசைப் போட்டதும் நல்லதிலிருந்து எல்லாம் அதில் மெல்ல நகலாகும். அதுவரை நல்லதைத் தொடக்கூடாது. உள்ளே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தப் படங்களைத்தான்.

மணி என்ன என்று மாமா கேட்டார். வாயைத் திறந்தேன், அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் மேல் டிஸ்க்கை மாற்றியவன் நானே. ஒரு மாதத்து டிஸ்க்கும் சாகும். செத்தது அதுவென்றால், நிதானம் எதைப் பழசு என்று நினைப்பான்?

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று மாடி இறங்கி ஓடினேன்.

கீழ் டிஸ்க்கின் பிடியில் கை வைத்திருந்தான்.

"கையை எடுடா."

"நீதானே பழசைன்னே. இதுதான் தூசி படிஞ்சு கிடக்கு."

செத்த டிஸ்க்குக்குத் திரை காட்டிய எண்ணை, டிஸ்க்குகளில் ஒட்டியிருந்த எண்களோடு ஒப்பிட்டோம். செத்தது மேல் டிஸ்க்தான். எட்டு வருஷமாக ஓடும் கீழ் டிஸ்க்கில் மட்டும்தான் அக்காவின் படங்கள் உயிரோடு இருந்தன. மேலே இருந்ததைக் கழற்றிப் புதுசைப் போட்டேன். நகல் ஒரு சதவீதம் என்றது.

உடனே தியேட்டர் நர்ஸ் அழைத்தார். "படம் திறக்க ரொம்ப நேரமாகுது. டாக்டர் கத்தறார்."

நகலும் டாக்டரும் ஒரே டிஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நகல் வேகத்தைக் குறைக்கலாம்" என்றான் நிதானம். "ஆனா இந்தக் கிழம் இன்னும் பதினஞ்சு மணி நேரம் தனியா ஓடணும்."

"தாங்குமா?"

"தெரியல."

குறைத்தேன். நர்ஸ் மறுபடி அழைக்கவில்லை. முக்கால் மணி நேரம் அந்த டிஸ்க்கின் உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தோம். நான்கு சதவீதம். ஐந்து.

மாமாவிடமிருந்து போன். "முடிஞ்சுதாம் மாப்ள. கட்டிய எடுத்துட்டாங்க. எங்க போயிட்டே?"

"கீழ ஒரு சின்ன வேலை."

"சரி, வா. வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். தம்பி இருக்கிற இடத்துல தப்பு நடக்காதுன்னு பிடிவாதமா நின்னா உங்க அக்கா."

"வரேன் மாமா" என்றேன். போவதற்கு முன் ஒரு தாளில் 'இதைத் தொடாதே' என்று எழுதிக் கீழ் டிஸ்க்கில் ஒட்டினேன்.